கூகைக்கு வயது பார்த்த கதை

நேற்று விழுப்புரத்தில், எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது அடித்தட்டில் அந்தத் துணிப்பை கிடைத்தது. கூகையைப் பிடித்ததும் படபடக்காமல் இருக்கப் போட்டுவைப்போமே, அந்தப் பை. முகத்தருகே கொண்டுபோனேன். எலியும் இறகும் எச்சமும் கலந்த அதே நெடி. பக்கத்தில் நின்ற மாணவி மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன ஒன்றரை வருஷமாக உன்னை நினைத்தால் அழுகைதான் முதலில் வரும். நேற்று சிரிப்பு முந்திக்கொண்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் பத்தாவது வரை நாம் ஒரே வகுப்பு. நான் விலங்கியல் படிக்கப் போனேன். நீ பக்கத்துக் கிராமத்து மாதா கோயிலில் உபதேசியாராகப் போனாய். மணியடிப்பது, செபம் சொல்லித் தருவது, சாமியார் வராத ஞாயிறுகளில் வழிபாடு நடத்துவது, இத்தனைக்கும் நடுவில் மணிக்கூண்டில் குடியிருந்த வெள்ளைக் கூகைகளுக்கும் நீதான் காவல். அபசகுனம், விரட்டு என்று வந்தவர்களிடம், "வயல்ல எலி புடிக்க நீ வர்றியா, அது வரட்டுமா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாய். குஞ்சுகளின் காலில் எண் போட்ட கோழி வளையம் மாட்டி, பொரித்த நாளையே பெயராக வைப்பாய். சாம்பல் புதனன்று பொரித்தது சாம்பல், திருவிழாவில் பொரித்தது தேர்.

எனக்கு அந்த வளையங்கள்தான் வேண்டியிருந்தன. கூகை சில மாதங்களிலேயே முழு உருவத்துக்கு வந்துவிடும். அப்புறம் இரண்டு வயதும் ஆறு வயதும் பார்வைக்கு ஒன்றுதான். குரோமோசோமின் முனையில் இருக்கும் டெலோமியர் வயதாக ஆகக் குறுகும், ஒரு சொட்டு ரத்தத்தில் அதை அளந்து வயதை ஊகிக்கலாம் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. அளவைச் சரிபார்க்க வயது தெரிந்த பறவைகள் வேண்டும், அவை உன்னிடம்தான் இருந்தன. நான் அரை மணி நேரம் விளக்கியதை நீ ஒரே மூச்சில் திருப்பிச் சொன்னாய்.

"பென்சில் மாரி. எய்த எய்த சீவணும், சீவச் சீவக் கொறையும். மிச்சத்தப் பாத்து எவ்ளோ எய்திக்கீதுன்னு கண்டுபுடிக்கற. அதானே?"

இன்றும் வகுப்பில் அதைத்தான் சொல்கிறேன்.

வனத்துறை அனுமதி வாங்கி வேலையைத் தொடங்கினோம். நீ ஏணியில், நான் கீழே. முதல் நாளே ஒரு கூகை எலும்பும் மயிருமாக ஓர் உருண்டையை என் துப்பட்டாவில் கக்கியது. நீ படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உன் நோட்டு குருவிக்கூடாகக் கிடக்கிறதென்று, முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்று மூன்று பக்கங்களில் அழகாகப் பிரித்து எனக்குப் படியெடுத்துத் தந்தாய். மூன்று வருஷமாகத்தான் வளையம் போடுகிறாய் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

முடிவுகள் வந்தன. ஒரே வயது என்று நான் எழுதிய பறவைகளில் ஒன்றுக்கு நீளம், ஒன்றுக்குக் குட்டை. புள்ளிகள் இறைந்து கிடந்தன. திங்கட்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் என் பேராசிரியர். அத்தனை வருஷ உழைப்பும் போயிற்று என்று உன்னிடம் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன். நீ அவித்த வேர்க்கடலையை, நம்மூர் மல்லாட்டையை, உரித்துத் தின்றுகொண்டே என் காகிதத்தைப் பார்த்தாய்.

"ஏம்மா, இந்த ரெண்டையும் ஒரே வயசுன்னு போட்டுக்கீற? இது அதுக்கு மூணு வருசம் மூத்தது."

"நீதானே ரெண்டையும் மூன்றாம் ஆண்டுன்னு எழுதியிருக்க?"

"ஆமா. ஞாயித்துக்கெழம படிக்கற பைபிள் வாசகம் மூணு வருசத்துக்கு ஒருதபா திரும்பி வருமில்ல? மூணாம் ஆண்டு முடிஞ்சா மறுபடி மொதலாம் ஆண்டு. கோயில்ல வருசம்னா அதான்."

ஆறு வருஷமாக வளையம் போட்டு, அதைத் திருவழிபாட்டு ஆண்டுக் கணக்கில் மூன்று பக்கத்துக்குள் அடக்கித் தந்திருக்கிறாய். ஊரில் வேறு எவனுக்கும் இது தோன்றியிருக்காது.

"அப்போ எது முதல் சுத்து, எது ரெண்டாவது?"

"மொத சுத்து எடது கால். ரெண்டாவது வலது. பாத்துக்கினுதான இருந்த, கேட்டியா?"

எந்தக் கால் என்பதை ஒவ்வொன்றுக்கும் நானே குறித்து வைத்திருந்தேன். எதற்கென்று தெரியாமலே குறித்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து வயதுகளைத் திருத்தினோம். புள்ளிகள் ஏறக்குறைய ஒரு கோட்டில் வந்து நின்றன. நான் அழுதேன், நீ மல்லாட்டையை என் பக்கம் தள்ளினாய்.

ஒன்று மட்டும் கோட்டுக்கு வரவில்லை. இரண்டு வயதுத் தேர், ஆறு வயதுப் பறவையின் அளவில் இருந்தது. தாய் தகப்பன் எலி மருந்தில் செத்து, கூடப் பிறந்தவை பட்டினியில் போக, நீ கோழிக்கறித் துணுக்கு ஊட்டி வளர்த்த குஞ்சு அது. "கீழ வியுந்து மொன ஒடஞ்ச பென்சில ஜாஸ்தி சீவித்தான் ஆவணும். அது வயசு இல்ல, பட்ட பாடு," என்றாய். குஞ்சுப் பருவத்துப் பசி டெலோமியரைக் குறுக்கும் என்று நான் படித்திருந்தேன். அது காலில் வளையம் போட்டுக்கொண்டு எதிரே நிற்கும் என்று நினைக்கவில்லை. ஆய்வேட்டில் அந்தப் புள்ளியை நீக்கச் சொன்னார்கள். நான் நீக்கவில்லை. வாய்மொழித் தேர்வில் உன் பதிலையே சொன்னேன், பட்டமும் வந்தது.

ஆனால் உன்னிடம் ஒரு தப்பான வார்த்தை சொன்னேன். டெலோமியர் இவ்வளவு குட்டையாக இருப்பதால் தேர் சீக்கிரம் போய்விடும் என்றேன். இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போனில், "போவாது, பாரு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய்.

நீ நாற்பத்திரண்டு வயதில் போவாய் என்று எந்த அளவும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது எந்த உயிரின் ரத்தம் என் மேஜைக்கு வந்தாலும், வயது என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'பட்ட பாடு' என்று இன்னொரு கட்டம் போட்டுத்தான் தொடங்குகிறேன். மாணவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் நிரப்புகிறார்கள்.

போன வாரம் மணிக்கூண்டு ஏறினேன். வலது காலில் அதே எண் வளையத்தோடு, இன்னும் உயிரோடு, தேர் உட்கார்ந்திருந்தது. அடியில் ஐந்து குஞ்சுகள். வெறும் கூண்டில், யாரும் இல்லாத இடத்தில், "நீ சொன்னதுதான்டா சரி," என்று சத்தமாகச் சொன்னேன். தேர் என்னைப் பார்த்துச் சீறியது.