வீட்டையே ஓட்டிக்கொண்டு வருகிறவளுக்கு என்ன அவசரம்

என் மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா நலம், அண்ணன் வீட்டில் எல்லோரும் நலம், என் முட்டிவலியும் வழக்கம்போல் நலமாகவே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி பட்டாணியும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்கள் என்று உன் குரலைக் கேட்டுத் தெரிந்துகொண்டபோது சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் நீ அடுத்த வாக்கியத்தைச் சொல்லும் வரைதான். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் ‘அம்மா, அண்ணனோட ரெக்கார்டை ஒடச்சிட்டேன், அப்பாகிட்ட ஃபோனைக் குடு’ என்றாய். கொடுத்தேன். கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வயசானதால் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபத்தில். ஃபோனில் திட்டினால் ‘சிக்னல் சரியில்லம்மா’ என்று சொல்லி வைத்துவிடுவாய் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டியதில்லை, கடைசி வரை படி.

நீங்கள் அந்த வீட்டு வண்டியை வாங்கப்போகிறோம் என்று சொன்னபோது நான் மறுத்தேனா, சொல். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும், போகிற இடத்தில் நிறுத்திக்கொண்டு தூங்கலாம் என்று நீ சொன்னதைக் கேட்டு எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. என் தையல் கடையில் வாடிக்கையாளர்களின் ஜன்னல் திரையெல்லாம் காத்துக்கிடக்க, உன் வண்டியின் ஜன்னல்களுக்கு முதலில் தைத்தேன், காற்றில் பறக்காமலிருக்கக் கீழ் ஓரத்தில் சின்னச் சின்ன ஈயக்குண்டு வைத்து மடித்துத் தைத்தேன். அந்தத் திரைகள்தான் எனக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தன. அன்றைக்குச் சித்தி வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாயே, நீ ஓட்ட, அப்பா முன்னால் உன் பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார, நானும் பட்டாணியும் பின்னால் மேஜை போட்ட இருக்கையில், மாப்பிள்ளை எங்களுக்கு எதிரே. ஊருக்குள் இருந்த வரை திரைகள் அசையாமல் தொங்கின. விரைவுச் சாலையில் ஏறி நீ மிதிக்க ஆரம்பித்ததும் ஈயக்குண்டையும் மீறி ஆட ஆரம்பித்தன. ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் வண்டி முதலில் அதன் பக்கம் இழுத்தது, அதன் முகப்பைத் தாண்டியதும் எதிர்ப்பக்கம் தள்ளியது. உனக்கு ஸ்டியரிங் கையில் இருக்கிறது, அதனால் தெரியவில்லை. பின்னால் இருக்கிறவள் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் உட்காரவேண்டியிருக்கிறது. எட்டிப் பார்த்தேன், முள் நூற்றிருபதில் நின்றது. மெதுவாகப் போம்மா என்றேன். ‘போர்டுலயே நூத்திருபதுன்னு போட்டிருக்கும்மா’ என்றாய். அது அதற்கு மேல் போகக்கூடாது என்று போட்டதா, அவ்வளவு போயே தீரவேண்டும் என்று போட்டதா? அதுவும் காருக்கு. தண்ணீர்த் தொட்டி நிரம்ப, கேஸ் சிலிண்டர், கட்டில், அலமாரி, ஆறு ஆட்கள் சாப்பிடுகிற அளவுக்குப் பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு மாடிவீட்டு உயரத்துக்கு நிற்கிற வண்டிக்குப் போட்ட கணக்கா அது?

அப்புறம் நடந்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், அதனால் நானே எழுதுகிறேன். முன்னால் கார்கள் எல்லாம் திடீரென்று சிவப்பு விளக்கைப் போட்டு நிற்க ஆரம்பித்தன. நீ பிரேக்கை மிதித்தாய். கார் என்றால் நின்றிருக்கும். இது நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. முன்னால் போன காரின் பின்கண்ணாடிக்குள் தெரிந்த பொம்மைக்கு எந்தக் கண்ணின் பொத்தான் உதிர்ந்திருக்கிறது என்று பின்னாலிருந்தே பார்த்தேன், அவ்வளவு கிட்டே போய்த்தான் நின்றது. அந்த நேரத்தில் எங்கள் தலைக்கு மேலிருந்த அலமாரியின் கதவு திறந்துகொண்டு இரும்பு வாணலி பறந்து வந்து மேஜையில் விழுந்தது. பட்டாணியின் பென்சில் டப்பா மேல் விழுந்தது. அது விழுவதற்கு ஒரு நொடி முன்னால்தான் அந்தக் குழந்தை, முனை உடைந்துவிட்டது பார் என்று நீலப் பென்சிலைத் தூக்கி என்னிடம் காட்டினாள். பென்சிலின் முனை உடையாமல் இருந்திருந்தால் அவளுடைய கை அந்த டப்பாவின் மேல் இருந்திருக்கும். அஞ்சு வயசுக் குழந்தையின் கை. தகர டப்பா எப்படி நசுங்கியது என்று நீ பார்த்தாயா? பார்க்கவில்லை. திரும்பி ‘ஒண்ணும் ஆகலல்ல? விடும்மா’ என்று சொல்லிவிட்டு மறுபடி மிதித்தாய். உன் அப்பா சொன்னதை எழுதவே வாய் கூசுகிறது, ‘பாத்தியா, பிரேக் என்னமா புடிக்குது’ என்றார்.  மாப்பிள்ளைதான் வாணலியை எடுத்துக் கீழே தரைப்பெட்டியில் வைத்துத் துணியைச் சுற்றி அடைத்தார். முதல் நாளே கனமான பாத்திரத்தை மேலே வைக்காதே என்று அவர் சொன்னதற்கு, எடுக்கக் குனிய முடியாது என்று நீ சொன்னதும் என் காதில் விழுந்ததுதான்.

அவ்வளவும் நடந்த பிறகு சித்தி வீட்டு வாசலில் இறங்குகிறோம், சித்தப்பா கேட்டைத் திறந்துகொண்டே கேட்கிறார், ‘எத்தனை மணிக்குக் கெளம்புனீங்க?’ வாங்க இல்லை, சௌக்கியமா இல்லை. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், கணக்குப் போடுகிறார், சொல்கிறார், எல்லோரும் அடேயப்பா என்கிறார்கள், நீ தலையைச் சாய்த்துக்கொண்டு சிரிக்கிறாய். இந்தக் குடும்பத்துக்குப் பிடித்த வியாதியே இதுதான். உன் அப்பா ஆலையில் நேரக் காப்பாளராக வேலை பார்த்தவர், யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று குறிப்பதுதான் அவருக்குச் சம்பளம் கொடுத்த வேலை. ஓய்வு பெற்ற பிறகு அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். வாசலுக்கு நேர் எதிரே கூடத்தில் அந்தப் பெரிய கடிகாரத்தை மாட்டியதும் அவர்தான். உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றுமுன் அதை நிமிர்ந்து பார்த்துக் கணக்குச் சொல்லவேண்டும். அண்ணன் ஒரு தடவை உன் ஊரிலிருந்து காரில் சீக்கிரம் வந்தான் என்று ஒரு வருஷம் பேசினார். நீ பெண் பிள்ளை, நீ ஓட்டினால் ஊர்ந்துதான் வருவாய் என்று அண்ணன் கேலி செய்ததும், அதற்கு நீ ரோஷப்பட்டதும் எனக்குத் தெரியாதா? அண்ணனைவிட நன்றாக ஓட்டுகிறாய், நானே சொல்கிறேன், கார் ஓட்டும்போது உன் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். ஆனால் அண்ணன் காரில் போட்ட பந்தயத்தை ஒரு வீட்டை ஓட்டி ஜெயிக்கவேண்டுமென்று எந்தப் புத்திசாலி உனக்குச் சொல்லிக்கொடுத்தது? அதுவும் அவன் தனியாகப் போட்ட பந்தயம். நீ புருஷனையும் பிள்ளையையும் பின்னால் வைத்துக்கொண்டு.

திரும்பி வரும்போது மாப்பிள்ளை ஓட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு எங்கே இருக்கும், நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். கிளம்புமுன் டயர் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார், விற்றவரிடம் மாசக் கணக்கில் நின்றே இருந்த வண்டி, காற்று இறங்கியிருக்கும் என்றார். என்னிடம் ஒட்டுகிற மாதிரி ஏதாவது துணி இருக்கிறதா என்று கேட்டார், பையிலிருந்த, பின்புறம் பசையுள்ள சிவப்பு ஓரப்பட்டையில் நகத்தளவு வெட்டிக் கொடுத்தேன், வேகம் காட்டும் கண்ணாடியில் தொண்ணூறுக்கு நேராக ஒட்டினார். விற்றவர் தொண்ணூறில் போனால் வண்டியும் நிம்மதி, டீசலும் மிச்சம், அதற்கு மேல் போனால் காற்றோடு சண்டை போடத்தான் டீசல் செலவாகும் என்று சொன்னாராம், நீயும் பக்கத்தில் நின்று தலையாட்டினாயாம். ஓரத் தடத்தில் ஒரு லாரிக்குப் பின்னால், நன்றாக இடைவெளி விட்டு, அதே வேகத்தில் வந்தார். ஆமை மாதிரி ஐம்பதில் ஊர்ந்து பின்னால் வருகிறவர்களைத் திண்டாடவைக்கவும் இல்லை, யாரையும் தாண்டவும் இல்லை. பாலத்தின் மேல் பக்கக் காற்று அடித்தபோது எண்பதுக்கு இறக்கினார். மழை தூறியபோது இன்னும் இறக்கினார். உன் அப்பா ‘மாப்ள ஓட்டுனா ஊர்வலந்தான், நாமளே இறங்கி முன்னால நடந்து போயிரலாம்’ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். அந்த மனுஷன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உன்னைக் கட்டிக்கொண்டதற்கு இதையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார் பாவம்.

நீ சிரித்துக்கொண்டிருந்தபோது உன் மகள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று சொல்கிறேன் கேள். போகும்போது நடந்ததற்குப் பிறகு அவள் அந்த மேஜைமேல் கை வைக்கவே இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, அதன்மேல் என் கைப்பையை எடுத்து மூடிக்கொண்டு, மேலே அலமாரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாணலி அங்கே இல்லை கண்ணு, கீழே இருக்கிறது என்றேன். தலையாட்டினாள், ஆனால் கையை எடுக்கவில்லை. உன்னிடம் சொல்லட்டுமா என்றதற்கு ‘வேண்டாம் பாட்டி, அம்மா திட்டுவா’ என்றாள். திரைகள் அசையாமல் தொங்க ஆரம்பித்து, வெகுநேரம் கழித்து, ஒரு விரலை மட்டும் மேஜையில் வைத்தாள். அப்புறம் கையை. அப்புறம் நசுங்கிய டப்பாவை நான் பல்லைக் கடித்துத் திறந்து கொடுக்க, பென்சிலை எடுத்து ஒரு வீடு வரைந்தாள், கோடு கோணாமல் வந்தது. வரைந்தபடியே தூங்கிப்போனாள். நாம் வீடு வந்து சேர்ந்தது எவ்வளவு தாமதம்? உன் அப்பா காலையில் பேப்பர் படித்து முடிக்கிற அளவு நேரம்தான். அந்த நேரத்தை மிச்சம் பிடித்து நீ என்ன செய்யப்போகிறாய்? வந்ததும் சோபாவில் படுத்து ஃபோனைத்தானே பார்த்தாய்.

இத்தனைக்கும் பிறகு நீ ஊருக்குத் திரும்பும்போது அதே ஆட்டத்தை ஆடியிருக்கிறாய். மாப்பிள்ளைதான் ஓட்டுவார் என்று நம்பி வழியனுப்பினேன், தெருமுனை தாண்டியதும் அவரை எழுப்பிவிட்டு நீ உட்கார்ந்தாயாமே. ‘அந்தச் செவப்புத் துணியப் பிச்சுப் போட்டுட்டேன், பாக்க அசிங்கமா இருந்துச்சு’ என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாயாம். நான் வெட்டிக் கொடுத்த துணி அது. உனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பாவாடை தைத்த கை. அது அசிங்கமாகத் தெரிகிறது, முள் நூற்றிருபதில் நிற்பது அழகாகத் தெரிகிறது. கன்னத்தில் இரண்டு போட ஆள் பக்கத்தில் இல்லை என்ற தைரியம்.

அடுத்த மாதம் அண்ணன் கடை திறப்புக்கு வருகிறாய். காலையில் கிளம்பித் திறப்புக்கு முன்னால் வந்து நிற்கிறேன் பார் என்று சவால் விட்டாயாம். ஏண்டி, உன்னிடம் இருப்பது படுக்கை போட்ட வண்டி. முதல் நாளே கிளம்பி, பாதியில் நிறுத்தி, டீ போட்டுக் குடித்து, காலை நீட்டித் தூங்கிவிட்டு வா. வீட்டையே ஓட்டிக்கொண்டு வருகிறவளுக்கு வீட்டுக்கு வர என்ன அவசரம்? தொண்ணூறைத் தாண்டுவதாக இருந்தால் வராதே. கடை உன் முகத்தைப் பார்க்காமலும் திறக்கும். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன், இனி என் காதுபட ரெக்கார்டு என்று பேசினால் என் கையால் டீத்தண்ணி கிடையாது என்று. உங்கள் அப்பாவிடம் பேசியதை எழுத இந்தத் தாள் போதாது, இரண்டு நாளாக அவரே போட்டுக் குடிக்கிறார் என்பதோடு விடுகிறேன்.

உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம், மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாக. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, முதுகு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இந்த உறையில் சிவப்புப் பட்டை நாலு துண்டு வைத்திருக்கிறேன். ஒன்றைப் பிய்த்தால் இன்னொன்று இருக்கிறது, நாலும் தீர்ந்தால் என் கடையில் அது கட்டுக் கட்டாக இருக்கிறது. பட்டாணியையே ஒட்டச் சொல்.

கோபம் தீராத,
உன் அம்மா.

இன்னொன்று. அந்த இரும்பு வாணலியைக் காணோம் என்று வண்டி முழுக்கத் தேடியிருப்பாய். நீங்கள் கிளம்புமுன் நான்தான் எடுத்துவிட்டேன். நேற்று ஸ்டூலைப் போட்டு ஏறிக் கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அதே ஆணியில், கைப்பிடி ஓட்டையைக் கோத்து, வாணலியை மாட்டியிருக்கிறேன். இன்று காலையில் நடை போய்விட்டு வந்த அப்பா வழக்கம்போல் வாசலிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.  பிறகு, அந்த டப்பா மேல் இருந்திருக்கக்கூடியது குழந்தையின் எந்தக் கை என்று கேட்டார். வலது கை என்றேன். மணி என்ன என்று கேட்காமல் உள்ளே போய்விட்டார்.