பெட்டிக்குள் வந்த செய்தித்தாள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நலம்.

நம் நாட்டிலிருந்து இங்கே என் வேலையிடத்துக்கு வரவேண்டிய ரேடார் பாகம் அனுமதிக்காக ஏழு மாதம் கிடந்ததே, இரு அரசுகளும் இப்போது அதற்கு வேண்டிய பதினொரு கையெழுத்தை ஒன்றாக்கிவிட்டன. புண்ணியவான்கள்! ஒன்பதே நாளில் பெட்டி வந்துவிட்டது.

பிரித்ததும் பாகத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த நம் ஊர்ப் பழைய செய்தித்தாளை நின்றபடியே வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். பெட்டியோடு வந்த பட்டியலில் இல்லாத எதையும் வேலையிடத்திலிருந்து வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. இங்கே இருக்கும் பாதுகாப்பு அதிகாரி, அவரும் தமிழர்தான், என் முகத்தைப் பார்த்தார்.

"இப்பதான் ஒரே கையெழுத்தாச்சே, போட்டுட்டு எடுத்துட்டுப் போம்மா" என்றார். அவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

அடுத்த முறை தலைவலித் தைலம் அனுப்பும்போது செய்தித்தாளில் சுற்றுங்கள் அப்பா, கசக்காமல். வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. அந்தச் செய்தித்தாளின் குறுக்கெழுத்தில் பாதியை விட்டுவையுங்கள், மீதியை நான் போடுகிறேன்.

உங்கள் மகள்