முதல் கியரில் ஏறிய சிவப்பு கார்

அப்பா,

என் கணக்கு நோட்டுக்கு நீங்கள் போட்டுத் தந்த பிளாஸ்டிக் அட்டையில் இன்னும் புது கார் வாசனை இருக்கிறது. ஷோரூமில் உங்கள் லாரியிலிருந்து கார்களை இறக்கியதும் சீட்டிலிருந்து உரித்துப் போடும் உறையைத்தானே எனக்குக் கொண்டுவருவீர்கள். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். செல்போன் வெளிச்சத்தைப் போர்வைக்குள் மறைத்திருக்கிறேன். பக்கத்தில் அம்மா புரண்டு படுத்தால் என் கை நின்றுவிடுகிறது.

பயத்துக்குக் காரணம் ஒரு தாள். நாளை மறுநாள் விழுப்புரத்தில் பள்ளிகளுக்கான பேச்சுப் போட்டி. ‘ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் நிறுவனம் அதைவிட விலையும் வேகமும் கூடிய இன்னொன்றைச் செய்யலாமா?’ என்பது தலைப்பு. சம்மதப் படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் போனதிலிருந்து இந்த வீட்டில் காரைப் பற்றிப் பேச்சே கிடையாது. அதனால் அம்மாவின் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன்.

தலைப்பைப் படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. இது நம் சண்டை அல்லவா?

அன்று திண்டிவனம் பைபாஸில் வேறொரு லாரி பழுதாகி, அதிலிருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை உங்கள் லாரிக்கு மாற்றினீர்கள். அம்மாவும் நானும் சாப்பாடு கொண்டுவந்திருந்தோம். கீறல் விழாதிருக்க மோதிரத்தையும் பெல்ட்டையும் கழற்றி என்னிடம் கொடுத்தீர்கள். வண்டியின் அடிவயிறு தட்டாமலிருக்கப் பலகைகளை அடுக்கி, எறும்பு ஊர்வது போல ஏற்றினீர்கள்.

“மாப்ள ஊர்வலம்கூட இதவிட ஜல்தியா போவும்” என்றாள் அம்மா.

“இதவிட ஃபாஸ்டா ஒண்ணு செய்யணும்ப்பா” என்றேன் நான்.

“எதுக்கு? இதையே ஃபர்ஸ்ட் கியர்லதான் ஓட்டிக்கினு இருக்கேன். மேம்பாலத்துல ஆடு படுத்துக்கினு இருக்குது, இது எங்க பறக்கும்?”

“வெல கூடின வண்டிக்குக் கண்டுபுடிக்கிற பிரேக்குதான்பா நாளைக்கு சின்ன வண்டிக்கு வரும்.”

“வக்கீலம்மா, வெலைய ஏத்திக்கினே போனா, ஆசையா பாக்குறவன் பாத்துக்கினேதான் இருக்கணும்.”

“ரெண்டு பேருமே வாங்கப் போறதில்ல. மல்லாட்டை ஆறுது, துன்னுங்க” என்று அவித்த வேர்க்கடலையை நீட்டி அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

காரை ஏற்றுவதற்கு முன் நடந்ததுதான் இப்போது தூங்கவிடாமல் செய்கிறது. காரைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட வேண்டிய தாளுடன் காரைச் சுற்றி வந்தீர்கள். கதவோரம் மயிரிழையாய் ஒரு கீறல். “வுடு மாமா, யாரு பாக்கப் போறா? கையெழுத்தப் போடு” என்றார் பழுதான லாரியின் டிரைவர். “அதான் நான் பாத்துட்டேனேடா” என்றீர்கள். தாளில் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுத்தான் கையெழுத்திட்டீர்கள்.

நெஞ்சு வலித்த அன்றும் லாரியை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்ட பிறகே சாய்ந்தீர்களாம். ஒரு காரிலும் கீறல் இல்லை என்று வந்து சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் அம்மா வாய்விட்டு அழுதாள்.

சற்று முன் எழுந்துபோய், நான் போட்ட கையெழுத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். ‘இது நான் போட்டது அம்மா’ என்று பக்கத்தில் எழுதினேன். தாளை அடுப்படியில் தீப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். காலையில் அம்மாவின் கை முதலில் போவது அங்கேதான். திட்டலாம், அழலாம், போகாதே என்றும் சொல்லலாம்.

அம்மா அனுப்பினால், ‘செய்யலாம்’ என்றுதான் பேசுவேன் அப்பா. நீங்கள் சொன்ன மேம்பாலத்து ஆட்டையும் விடாமல் சொல்லிவிட்டு.