அழிக்க முடியாத ஒரு வரி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இன்னும் மாடிக்கு ஏறி இறங்குகிறீர்களாம், அண்ணன் போட்டுக்கொடுத்துவிட்டான்.

இங்கே ஒரு கூத்து. நாங்கள் எழுதும் ஸ்மார்ட் கான்ட்ராக்டை, அதாவது தானாகவே நிறைவேறும் ஒப்பந்த நிரலை, முதலில் கன்டெய்னர் என்று கணினிக்குள்ளேயே ஒரு தனிப் பெட்டியில் ஓட்டிப் பார்ப்போம். அதற்குள் இருப்பது ஒப்புக்கு ஒரு பிளாக்செயின். மாலையில் பெட்டியை நீக்கினால் தப்பெல்லாம் அதோடு போய்விடும். அந்தத் தைரியத்தில், சோதனை வரியாக நான் தினமும் “அப்பா, அடுத்த வாரம் வர்றேன்” என்று அடிப்பேன். நேற்று பெட்டிக்கு மாற்ற மறந்து, அசல் பிளாக்செயினிலேயே ஏற்றிவிட்டேன். அது ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் பதிவாகும் கணக்கேடு; அங்கே ஏறியதை யாராலும் அழிக்க முடியாது.

மேலாளர் திட்டவில்லை. “நஷ்டம் ஒண்ணும் இல்ல. ஆனா புதுசா எழுதி ஏத்துற வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாது. அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

சொல்லிவிட்டேன். போனில் சொன்னால் “பரவாயில்லம்மா” என்பீர்கள், அதைக் கேட்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

உங்கள் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். நான் போனில் பேசும்போது டிவி சத்தத்தைக் குறைக்காதீர்கள், அதுவும் கேட்கட்டும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். என் அறையைப் பெருக்கி ஜன்னலைத் திறந்து வைத்திருப்பீர்கள். சாத்திவிடுங்கள் அப்பா, தூசி படியும்.

உங்கள் மகள்