ஜோடி சேராத கட்டைகள்

என் செல்ல வாலுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அது வலிப்பதற்குக் காரணம் நீதான்.

போன வாரம் போனில் நீ அழுதது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. இங்கே கண்காட்சிக்கு நீ அனுப்பிய மரக்கட்டைகளை யாரும் தொடவே இல்லையாம், கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போகிறார்களாம், எடுத்து விளையாடத்தானே செய்தேன், அதுவே நடக்கவில்லை என்றால் இந்தக் கலையே வேண்டாம், ஏதாவது ஆபீஸ் வேலைக்குப் போய்விடுகிறேன் என்றாயே. மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். கட்டைகள் உன்னுடையவை என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். கூடம் முழுக்கத் தரையில் கலர் கலராய்க் கட்டைகள், ஓரத்தில் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல நாலைந்து பேர். செருப்புக் கடையிலேயே காலம் தள்ளிய மனுஷன், எதுவும் ஒற்றையாய்க் கிடந்தால் அவருக்குப் பொறுக்குமா? எவனோ என் பெண்ணின் சாமானைக் கலைத்துப் போட்டுவிட்டான் என்று மளமளவென்று தரையில் உட்கார்ந்து ஜோடி சேர்க்க ஆரம்பித்துவிட்டார். ஒன்றோடொன்று சேராதபடி நீ செய்திருப்பது அவருக்கு எங்கே தெரியும்! எனக்கு மானமே போனது. சட்டையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. ஒரு டீச்சரம்மா பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல், "அது சேராது சார், இந்த வளைஞ்சதுதான் சேரும்" என்று ஒன்றை எடுத்து நீட்ட, "இடதுக்கு இடது ஜோடியாகுமாம்மா?" என்று இவர் எகிற, அவளும் விடாமல் கீழே உட்கார்ந்துவிட்டாள். நியாயம் சொல்ல வந்தவர்களும் ஒவ்வொருவராய் உட்கார்ந்தார்கள். அப்புறம் ஜோடியாவது ஒன்றாவது! ஒருவர் பாலம் கட்டினார், ஒருவர் ரயில் விட்டார், தடுக்க வந்த காவலாளி தன் தொப்பியைக் கழற்றி ஒரு கட்டைக்கு மாட்டி அதற்கு சல்யூட் அடித்தார். நானும்தான் கட்டினேன், என்னவென்று கேட்காதே, எனக்கே தெரியாது. ஒன்றுக்கும் உதவாத காரியத்தை இவ்வளவு சந்தோஷமாகச் செய்து எத்தனை வருஷமாயிற்று!

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா தெருமுனையில் நின்று, "அவ இதைத்தான் செய்யறாளா?" என்றார். ஆமாம், ஆனால் விட்டுவிடப் போகிறாளாம் என்றேன். முகம் சுண்டிப்போனது. "விடக் கூடாதுன்னு நான் சொன்னேன்னு எழுது" என்றார். நீங்களே போனில் சொல்லுங்களேன் என்றதற்கு, "எனக்கு அதெல்லாம் போன்ல சொல்ல வராது, நீயே எழுது" என்று விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டார். எழுதிவிட்டேன்.

மறுநாள் துவைக்கச் சட்டையை எடுத்தால் பையில் உன் மஞ்சள் கட்டை ஒன்று! திருட்டுச் சாமானைத் திருப்பிக் கொடுங்கள் என்றால், ஜோடி கிடைத்ததும் கொடுக்கிறேன் என்கிறார். சோப்பு டப்பா, என் கண்ணாடிக் கூடு என்று வீட்டில் உள்ள எல்லாவற்றோடும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறார்.

நீ மகராசியாய் இரு, கை நிறைய வேலையும் வாய் நிறையச் சிரிப்புமாக. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. முக்கியமாக ஒன்று, அப்பா பாவம் என்று அந்த மஞ்சளுக்கு ஜோடி செய்து அனுப்பி வைக்காதே. தேடிக்கொண்டே இருக்கட்டும் மனுஷன்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா