சொந்தக்காரர் இல்லாத ஊர்

என்னவருக்கு,

நீங்கள் டோர்வல் விமான நிலையத்தில் வேலை முடிந்து வரும்போது நான் வேலைக்குப் போயிருப்பேன். அதனால் எழுதிவைக்கிறேன்.

வெனிஸ் போவதை ஒருவரிடமும் சொல்லவேண்டாம் என்றேனே, உங்கள் வாய் சும்மா இருக்கவில்லை. நேற்று உங்கள் சூரிச் மாமி போன் எடுத்தார். "பிள்ளை, நாங்களும் காரில வாறம். இடியப்பம் அவிச்சுக்கொண்டு வாறன்." பாவம், ஆசையாகச் சொன்னார். எப்படி மறுப்பது?

மூன்றே நாள். அங்கே நமக்குச் சொந்தக்காரர் இல்லை என்றுதான் அந்த ஊரைத் தேர்ந்தேன். படகில் நாமிருவர் மட்டும் என்று நினைத்திருந்தேன். இனி மாமி நடுவில் இருந்து கேட்பார்: "கலியாணம் கட்டி இவ்வளவு காலம், இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?"

டொக்டர் போன கிழமை சொன்னதை என் வாயால் சொல்ல முடியாது. இந்த முறை நீங்கள் பதில் சொல்லுங்கள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்களோடு தனியே வர இருந்தவள்