வாக்கர் போட்ட ஒரே ட்ரை

ஹார்த்வெய்ட்,
மார்ச் 14

அன்பு மகள் நெரிஸுக்கு அம்மா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஹ்யூவும் ஆஸ்திரேலிய வெயிலில் வாடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் யார்க்‌ஷயர் மழையில் ஊறினாலும் சுகமாகவே இருக்கிறோம். அப்பாவின் புது முழங்கால் நன்றாக மடங்குகிறது. நான் பார்க்காத நேரத்தில் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்குகிறார், காலடிச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். பள்ளிக் கட்டுரைக்காகத் தாத்தா மொத்தம் எத்தனை ட்ரை போட்டார் என்று ஹ்யூ கேட்டிருந்தானே, அதற்கு ஒரு வரி போதும். ஆனால் போன ஞாயிறு நடந்ததைச் சொல்லாமல் அந்த ஒரு வரியை எழுத மனம் வரவில்லை.

இந்த ஊர் ரக்பி லீக் அணிக்குப் பதினோரு வருடம் ஆடி, தொண்ணூற்றொன்பது முறை எதிராளியின் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி ட்ரை போட்டவர் உன் அப்பா. நூறாவதற்குள் முழங்கால் போய்விட்டது. அன்றிலிருந்து, அவரோடு ஆடிய கிளிஃப் மாமா கடைவாசலில் பார்த்தால்கூட, “என்னடா தொண்ணூத்தொம்பது, ரொட்டி வாங்க வந்தியா? வாசப்படிக்கு இந்தப் பக்கமே விழுந்துடாத” என்பாரே, நீயும் சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். இப்போது கிளப் தொடங்கிய நாள் முதல் ஆடிய எல்லோருக்கும், அவர்கள் முதலில் களமிறங்கிய வரிசைப்படி எண் போட்டுச் சான்றுப் பத்திரம் தருகிறார்கள். அதற்காகப் பழைய ஏடுகளைப் புரட்டும் பிக்கிள்ஸ் என்பவர் வீட்டுக்கு வந்து, “வாக்கர்னு ஒருத்தர், ஒரே ஒரு ஆட்டம், ஒரு ட்ரை, அப்புறம் ஆளே இல்ல. உங்களுக்கு மூணு வாரம் முன்னாடி ஆடியிருக்கார். யாருன்னு தெரியுமா, மிஸ்டர் ப்ராஸர்?” என்று கேட்டார். அப்பா தேநீர் போடுகிறேன் என்று உள்ளே போய், தேயிலை போடாமல் வெறும் வெந்நீரைக் கொண்டுவந்து ஊற்றினார்.

நீ இதைக் கேட்டதில்லை. அந்த வாக்கர் உன் அப்பாதான். அந்தக் காலத்தில் காசுக்கு ஆடும் லீக்கில் ஒருமுறை ஆடினது தெரிந்தாலும் போதும், காசு வாங்காமல் ஆடும் ரக்பி யூனியன்காரர்கள் ஆயுளுக்கும் விலக்கிவிடுவார்கள். அதனால் வேல்ஸிலிருந்து சோதனை ஆட்டத்துக்கு வந்தவர்கள் பொய்ப் பெயரில் ஆடுவது வழக்கம். சந்தேகம் கிளம்பியபோது, அங்கே யூனியன் கிளப் செயலாளராக இருந்த உன் தாத்தா, அந்தச் சனிக்கிழமை என் மகன் என்னோடு வேலிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். பத்திரிகையிலும் வந்தது. வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதானாம். மூன்று வாரம் கழித்து அப்பா மனம் மாறி, சொந்தப் பெயரிலேயே இங்கே சேர்ந்தார். பிக்கிள்ஸ் போனதும், “நூறுன்னா கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆட்ரி. ஆனா அந்த வேல்ஸ் கிளப் வாசல்ல இன்னும் எங்கப்பா பேரு இருக்கு” என்றார். அதற்குப் பிறகு நான் வற்புறுத்தவில்லை.

ஞாயிறன்று கிளப்பில் நடந்த மதிய விருந்தில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். “எழுநூற்று மூன்று, வாக்கர்” என்று பிக்கிள்ஸ் வாசித்துவிட்டு, யாராவது எழுந்திருப்பார்களா என்று கூடத்தையே பார்த்தார். அப்பா தட்டிலிருந்த ஒரு பட்டாணியை முள்கரண்டியால் உருட்டிக்கொண்டிருந்தார். அப்போது கிளிஃப் மாமா, “அவன் எங்க வருவான்? வேலிக்குப் பெயின்ட் அடிக்கப் போயிருப்பான்!” என்று கத்தினார். அன்று வாக்கரோடு ஆடியவர்களில் மிச்சம் இருப்பது நாலு பேர். நாலு பேரும் எழுந்து கைதட்டினார்கள். நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஜன்னலை உடைத்தது யார் என்று கேட்டால் முப்பது பிள்ளைகளும் கரும்பலகையையே பார்க்குமே, அதே மாதிரி ஒருவர்கூட அப்பா பக்கம் திரும்பவில்லை. இத்தனை வருடக் கேலியும் இந்த ரகசியத்தின்மேல் போட்ட போர்வை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. விஷயம் தெரியாத இளைஞர்களும் சேர்ந்து தட்டினார்கள். அப்பாவும் எழுந்து, எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார். அடுத்து, “எழுநூற்று நான்கு, இட்வல் ப்ராஸர்” என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்ப் பத்திரத்தை வாங்கினார். திரும்பி வரும் வழியிலேயே கிளிஃப் மாமா, “உக்காருடா தொண்ணூத்தொம்பது” என்றார்.

ஹ்யூவைத் தொப்பி இல்லாமல் விளையாட விடாதே. நீயும் வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மூவரும் நோய் நொடியில்லாமல், சிரித்த முகமாக நீண்ட நாள் வாழ எங்கள் ஆசிகள். கட்டுரையில் தொண்ணூற்றொன்பது என்றே எழுதச் சொல், மறந்துவிடாதே. தோளுக்கு மேலே எட்டிப் படித்த அப்பா, வாக்கர்னு ஒருத்தன் பிரமாதமா ஓடுவான், அதையும் ஒரு வரி எழுதச் சொல்லு என்கிறார்.

என்றும் உன் அன்பு அம்மா,
ஆட்ரி